கேபினட் வேறு, மதர் போர்டு ஒன்று: கார்களிலும் இதே கதைதான்!

ஒரே மதர் போர்டு, ஒரே ப்ராசசர். ஒன்றைக் கறுப்பு கேபினட்டிலும் இன்னொன்றை வெள்ளை கேபினட்டிலும் போட்டு, இரண்டு கம்பெனி பெயர்களில் விற்றால்? மூடியைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள். கார்களில் இது பல ஆண்டுகளாக நடக்கிறது. இதற்குப் பிளாட்பார்ம் பகிர்வு என்று பெயர்.

அடித்தளம், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் அமைப்பு, எஞ்சின் உட்காரும் இடம் எல்லாம் சேர்ந்ததுதான் பிளாட்பார்ம். இதைப் புதிதாக வடிவமைத்துச் சோதிக்கத்தான் பணமும் காலமும் அதிகம் பிடிக்கும். எனவே ஒருமுறை செய்துவிட்டு, மேல் உடம்பை மட்டும் மாற்றிப் பல மாடல்களாக விற்கிறார்கள்.

சென்னையை அடுத்த ஒரகடம் தொழிற்சாலையில் 2015இல் ரெனோ க்விட், 2016இல் டட்சன் ரெடிகோ வெளிவந்தன. முகம் வேறு, விலை வேறு. உள்ளே அதே சிஎம்எஃப்-ஏ பிளாட்பார்ம், அதே 799 சிசி எஞ்சின். இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2016 அக்டோபரில் எரிபொருள் குழாயைச் சரிபார்க்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட க்விட் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கூடவே ரெடிகோவும் வரிசையில் நின்றது!

பகிர்வது இரும்பு மட்டுமல்ல, சாஃப்ட்வேரும்தான். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ189 டீசல் எஞ்சின், ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா, சீட் என நான்கு பிராண்டுகளில் ஓடியது. அதை இயக்கும் கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம், கார் சோதனைக் கூடத்தில் நிற்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்று மோப்பம் பிடித்தது. சோதனையின்போது நைட்ரஜன் ஆக்சைடு புகையை அடக்கி வாசித்தது. சாலைக்கு வந்ததும் பழையபடி கக்கியது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை அம்பலப்படுத்தியது. உலகெங்கும் சிக்கியவை சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இந்தியாவில் 3 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைப்பதாக அதே டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஒரே வைரஸ் ஆபீசில் உள்ள எல்லா சிஸ்டங்களையும் பிடித்த மாதிரி! ஐரோப்பாவில் 2.0 லிட்டர் எஞ்சின்களுக்குத் தந்த மருந்து என்ன தெரியுமா? வெறும் சாஃப்ட்வேர் அப்டேட்.

நன்மை இல்லாமல் இல்லை. டட்சன் பிராண்டு 2022இல் இந்தியாவிலிருந்து விடைபெற்றது. எஞ்சின் க்விட்டுடன் பொது என்பது ரெடிகோ வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? அதன் 17 இலக்க சேஸி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் அதுவும் ஒன்றா, பழுது சரிசெய்யப்பட்டதா என்று அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். அதே பிளாட்பார்மில் வந்த உடன்பிறப்பு மாடலின் கதையையும் இன்டர்நெட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.