பட்டினி கிடந்த உடம்புக்குப் பையப் பைய ஊட்டுங்கள்



உங்கள் வீட்டில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றிய பிறகு வாயெல்லாம் புண். எதைக் கண்டாலும் குமட்டல். ஒரு வாரமாக இரண்டு வாய்க் கஞ்சியோடு சரி. இன்றைக்குத்தான் "பசிக்குது" என்கிறார். உடனே என்ன செய்வோம்? கோழி அடித்துக் குழம்பு வைப்போம். சோற்றைக் குவித்து, "சாப்பிட்டாத்தான் தெம்பு வரும், இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டுவோம். அன்பினால் செய்கிற இந்தக் காரியம் சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஏன் அப்படி?

நாள்கணக்கில் சாப்பிடாத உடம்பில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் என்ற உப்புகளும் பி1 வைட்டமினும் வற்றிப்போயிருக்கும். திடீரென்று சோறும் சர்க்கரையும் நிறைய உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்புகளையும் திசுக்களுக்குள் தள்ளிவிடும். அதனால் இருதயத் துடிப்பு தடுமாறும். மூச்சு விடும் தசை சோரும். பெரும்பாலும் முதல் ஐந்து நாட்களுக்குள் இது வரும். 1945-ல் போர்க்கால முகாம்களிலிருந்து பட்டினியோடு மீண்டவர்களில் சிலர், வயிறார உண்ட பிறகு இறந்துபோனார்கள்.

யாருக்கு எச்சரிக்கை?

ஐந்து நாட்களுக்கு மேல் சரியாகச் சாப்பிடாதவருக்கு. சில மாதங்களில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோவுக்கு 5 கிலோ, குறைந்தவருக்கு.

சாப்பாட்டைக் கூட்டுமுன் மருத்துவரிடம், "இத்தனை நாளாச் சரியாச் சாப்பிடலை, இவ்வளவு எடை குறைஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். அவரைப் பார்க்கும்வரை இப்போது குடிக்கிற கஞ்சியை நிறுத்த வேண்டாம். அவர் இரத்தம் சோதித்து, பி1 மருந்தும் வேண்டிய உப்புகளும் கொடுத்து, உணவைக் கொஞ்சத்தில் தொடங்கிச் சில நாட்களில் படிப்படியாகக் கூட்டுவார். மூக்கு வழியாகக் குழாய் வைத்தால் பயப்படாதீர்கள். சொன்ன அளவுக்கு மேல் அதில் ஊற்றாதீர்கள்.

வீட்டில் கவனியுங்கள்

1. மருத்துவர் சொன்ன அளவை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

2. அன்றன்று சமைத்ததையே கொடுங்கள். நோய்க்கிருமியை எதிர்க்கும் சக்தி இவருக்குக் குறைவு. பழைய சோறு, அரைவேக்காட்டு முட்டை, கடைப் பலகாரம் வேண்டாம்.

3. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிகிச்சைக் காலத்தில் இரத்தத்தில் அந்த உப்பு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

4. கால் வீக்கம், மூச்சுத் திணறல், படபடப்பு, கை கால் துவளுதல், புத்தி தடுமாற்றம், வலிப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. நல்ல உணவு இல்லாமல் சிகிச்சையைத் தாங்க முடியாது. "எம் பிள்ளைக்கு வயிறாரச் சோறு போட மாட்டேங்கிறாளே" என்று மாமியார் வருந்தினால், இருவரும் சேர்ந்தே எடுத்துச் சொல்லுங்கள்: "வாடின நாத்துக்கு மடையை ஒரேயடியா உடைச்சு விடுவோமா அத்தை? டாக்டர் சொல்றபடி கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுவோம்."

பொறுத்து ஊட்டுங்கள், உயிரைக் காத்திடுங்கள்!