நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கிறதா? எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள்!

ராத்திரி இரண்டு மணி. வராந்தாவில் படுத்திருக்கும் நாய் எழுந்து தலையைப் படபடவென்று உதறுகிறது. கொஞ்ச நேரம் கழித்து பின்னங்காலால் காதைச் சொறிகிறது. சொறியும்போதே மெல்ல ஒரு முனகல். காலையில் பக்கத்தில் போனால், காதிலிருந்து புளித்த மாவு மாதிரி ஒரு வாடை.

அடுத்து என்ன நடக்கும்? பூண்டைத் தட்டிப் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி, இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடுவோம். இல்லையென்றால், போன மாதம் பையனுக்குக் காது வலித்தபோது வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் மிச்சம் இருக்கும், அதை விடுவோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால், சில நாய்கள் காது கேட்காமல் போவதற்கு இந்தப் பாசமும் ஒரு காரணமாகிவிடுகிறது.

நம் காதின் துவாரம் கிட்டத்தட்ட நேராகச் செவிப்பறைக்குப் போய்விடும். நாய்க்கு அப்படி இல்லை. முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்பும். தண்ணீர்க் குழாயில் பிளம்பர் போடும் 'எல்போ' இருக்கிறதே, அதே மாதிரி ஒரு வளைவு. செவிப்பறை அந்த வளைவுக்கு அப்பால் இருப்பதால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போன ஈரமும் ஊறிய அழுக்கும் வளைவிலேயே தேங்கும். லேப்ரடார், காக்கர் ஸ்பேனியல் போலத் தொங்கும் காது என்றால், மேலே மூடியும் போட்டாயிற்று. சாதாரணமாகத் தோலில் சும்மா இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்த வெதுவெதுப்பில் பெருகிவிடுகின்றன. இயர் பட்ஸை விட்டுக் குடைந்தால், அழுக்கு வெளியே வருவதை விட உள்ளே இறுகுவதுதான் அதிகம்.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகை மாதிரிப் பகுதிகளில் ஏரி, காலி மனை, புல்வெளி என்று இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நாய்க்குக் கொண்டாட்டம், காதுக்குத் திண்டாட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் நனைந்து திரும்பும் காது முழுதாகக் காய்வதே இல்லை. புதரில் புரண்டால் உண்ணி ஏறும். புல்லின் கூரான விதையும் துவாரத்துக்குள் புகுந்துகொள்ளும். ஒரே ஒரு காதை மட்டும் திடீரென்று வெறி பிடித்த மாதிரி சொறிந்தால், உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். குட்டிகளுக்குக் காப்பித்தூள் போலக் கருப்பாக அழுக்கு வந்தால் காதுப் பூச்சியாக இருக்கலாம். அது ஒட்டிக்கொள்ளும் ரகம். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

குணமாகி இரண்டு மாதத்தில் மறுபடியும் வருகிறதா? பாதத்தையும் விடாமல் நக்குகிறதா? அப்படியானால் காது வெறும் அறிகுறி. உணவோ, தூசியோ, தெள்ளோ ஏதோ ஒன்று ஒவ்வாமல் தோல் முழுக்கவே அரிப்பு இருக்கும். அந்தக் காரணத்தைப் பிடிக்காமல் சொட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பணம்தான் கரையும்.

மருத்துவர் முதலில் கருவி வைத்துச் செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார். அதில் ஓட்டை இருக்கும்போது ஜென்டமைசின் போன்ற மருந்துகள் உள்காதுக்கு இறங்கினால் கேட்கும் திறனும், நடக்கும்போது சமநிலையும் போகலாம். பிறகு அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஈஸ்ட்டுக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. அதனால் "ஸ்மியர் பார்த்தாச்சா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்றாம் நாளே சொறிவது நின்றுவிடும். நாமும் மருந்தை நிறுத்திவிடுவோம். பெரிய தவறு இதுதான். சொன்ன நாள் வரை விட்டு, மறுபடி காட்டி, போதும் என்று அவர் சொன்ன பிறகு நிறுத்துங்கள்.

உதறி உதறிக் காது மடல் பூரி போல உப்பிவிட்டால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் ஊசியால் குத்தவே கூடாது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றிச் சுற்றி நடந்து, தள்ளாடி விழுந்தால் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே கிளம்புங்கள்.

ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-இல் தபால்தலையிலேயே இடம்பிடித்த நம்மூர் நாய் அது. அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே செவிட்டுத்தன்மையும் வந்துவிடுகிறது. அதற்குச் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. கூப்பிட்டால் வரவில்லை என்று அடிக்கும் முன், அது பார்க்காத பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்தால் பாதி வேலை முடிந்தது. சுத்தமாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். தினமும் கழுவினாலும் புண்ணாகும். அழுக்கு இருந்தால், மருத்துவர் சொன்ன காது கழுவும் திரவத்தைத் துவாரம் நிறைய விட்டு, காதின் அடிப்பக்கத்தை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும். கையை எடுத்ததும் நாய் உதறும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்! வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள், விரல் போகிற ஆழம் வரை மட்டும். ஸ்பிரிட், வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம்.

வலிக்கிற காதைத் தொட்டால் சாதுவான நாயும் கடிக்கும். அந்த நேரத்தில் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கடித்துவிட்டால், நம்ம நாய்தானே என்று விடாமல் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அக்கம்பக்கத்து கிளினிக்கில் தீராத காதுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. கிளம்பும் அவசரத்தில் நாயைக் குளிப்பாட்டி, காதைப் பளிச்சென்று துடைத்துக் கூட்டிப் போகாதீர்கள். மருத்துவர் தகட்டில் தடவிப் பார்க்க வேண்டியதே அந்த அழுக்குதான். இதுவரை விட்ட மருந்து பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பூண்டு எண்ணெய் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.