உப்பைப் பிரிக்கும் சவ்வு

பட்டு நூலில் சாயம் செவ்வனே ஏறுவது நீரைப் பொறுத்தது என்பதைப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் அறிவர். கிணறு உவர்த்தால் பயிர் கெடும் என்பதை விவசாயிகள் அறிவர். ஆகவே சாயக் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் முறை நம் அங்கத்தினர் இரு சாராருக்கும் உரிய விஷயமாகும்.

நறுக்கிய மாங்காயில் உப்பிட்டால் அது நீர் விடுகிறது. இடையில் மெல்லிய சவ்வு இருப்பின், உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கியே நீர் செல்லும். உவர் நிலத்தில் ஈரமிருந்தும் பயிர் வாடுவது இதனாலேயே. உப்புநீரை இயந்திரத்தால் அழுத்தினாலோ, நீர் எதிர்த்திசையில் சவ்வைக் கடக்கும், உப்பு பின்தங்கும். கடல்நீருக்குக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 60 மடங்கு அழுத்தம் தேவை.

இதற்கேற்ற சவ்வை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்னும் இருவர் உருவாக்கினர். அவர்கள் கையாண்ட செல்லுலோஸ் அசிடேட்டுக்கு மூலம், பருத்திப் பஞ்சிலுள்ள செல்லுலோஸே. மேலே நெருக்கமான மெல்லிய படலம், கீழே அதைத் தாங்கும் துளைமிக்க பகுதி என அமைந்ததால் நீர் விரைந்து கடந்தது. பின்னர் வந்த சவ்வுகள் பாலியமைடால் ஆனவை. பட்டின் புரதத்தைக் கோக்கும் அதே வகை இரசாயனப் பிணைப்பு இவற்றிலும் உண்டு. இவை துணியைப்போல் கண் தெரியும் வடிகட்டிகள் அல்ல. நீர் மூலக்கூறுகள் பாலிமர் சங்கிலிகளின் நுண்ணிய இடைவெளிகளில் புகுந்து செல்கின்றன. மின்னேற்றம் கொண்டு நீரால் சூழப்பட்ட உப்புத் துகள்களுக்கு அவ்வழி எளிதன்று.

ஆயினும் சவ்வு உப்பை அழிப்பதில்லை. பிரிக்க மட்டுமே செய்கிறது. நல்ல நீர் ஒருபுறம் வர, மிஞ்சிய நீரில் உப்பு முன்னிலும் செறிகிறது. அதனை ஆற்றில் விட்டால் செய்த செலவு வீணே.

திருப்பூர் இதற்குச் சான்று. சாயக் கழிவால் நொய்யல் கெட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பாசனத்துக்கு உதவாமற் போயிற்று. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பல தொழிலாளர் வேலையிழந்தனர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி செய்வதே அங்கு நிபந்தனையாயிற்று. அதற்காகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வினால் நீரை மீட்டபின், எஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பைத் தனியே எடுக்கும் முறை கையாளப்பட்டது. அதற்கு மின்சாரமும் விறகும் மிகுதியாகச் செலவாகும்.

எனவே இத்தகைய நிலையம் எவ்வூரில் அமைவதாயினும், அங்கத்தினர் பொதுக்கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். எஞ்சும் உப்பு எங்கே போகும்? சவ்வு அடைபடாமல் யார் பராமரிப்பர்? சவ்வு மாற்றும் செலவை யார் ஏற்பர்? தனிப் பட்டறையால் தாங்கவொண்ணாத இப்பொறுப்பைப் பலர் கூடித் தாங்கலாம். அதுவே கூட்டுறவின் வழி.