மெழுகு நூலால் ஒரு கட்டு

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் பின்னிக் கிடக்கும் ஒயர்களை அதிகச் செலவின்றி ஒழுங்குபடுத்த வழியுண்டா என்று அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கடையில் ஒரு பாக்கெட் நைலான் டை வாங்கிக் கட்டுங்கள் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆயினும் அந்த டை பிறப்பதற்கு வெகு காலம் முன்பே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் வழங்கிவந்ததும், நம்மவர் இன்று அடியோடு மறந்துவிட்டதுமான ஒரு கைத்தொழிலை, இக்கடிதத்தை வியாஜமாகக் கொண்டு சற்றே விஸ்தரிக்க விரும்புகிறேன்.

மெழுகு தோய்ந்த நூலால் ஒயர்களைக் கட்டும் வித்தை அது. ஒரு முனையில் முடிந்து தொடங்கி, நூலை எங்கும் அறுக்காமல், சிறு சிறு இடைவெளியில் ஒவ்வொரு சுற்றாகப் போட்டுக்கொண்டே மறுமுனை வரை செல்வார்கள். சூட்சுமம் முழுவதும் அந்தச் சுற்றில் இருக்கிறது: ஒயர்களைச் சுற்றி வந்த நுனி, முன்பே கிடக்கும் நூலின் மேலாகக் கடந்து, பிறகு சுற்றுக்கு அடியில் புகுந்து வெளிவர வேண்டும். சரியாகப் போட்டிருக்கிறோமா என்று அறிய, கட்டுக்குள்ளிருந்து ஒயர்களை உருவிப் பார்க்கலாம். சரியான சுற்று நூலில் முடிச்சாக எஞ்சும், தவறானது சுவடின்றி அவிழ்ந்துபோகும். என் அத்தை தொடுத்த மல்லிகைச் சரத்தை நடுவில் கிள்ளி இருவருக்குக் கொடுத்தாலும் பூ உதிராது. இந்தக் கட்டும் அந்த ஜாதிதான்.

விமானத் தொழிற்சாலையில் இந்த நூலை இழுத்திழுத்துத் தொழிலாளர் கைகள் புண்படுவதைக் கண்ட மோரஸ் லோகன் என்ற அமெரிக்கர் 1958-இல் உருவாக்கிய மாற்றுத்தான் நைலான் டை. எனினும் நூல் ஒழிந்துவிடவில்லை. 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியிலும் ஒயர்களை நூலால் கட்டித்தான் அனுப்பினார்கள். நாமோ, டையை மூச்சுப்பிடித்து இறுக்கி, மிச்ச வாலைக் கோணலாக வெட்டி, அடுத்துக் கைவைப்பவர் விரலைக் கீறும்படி விட்டுவிடுகிறோம். மொட்டைமாடியில் வெள்ளை டையைக் கட்டிவிட்டு, வெயிலில் அது நொறுங்கியதும் நைலானைத் திட்டுகிறோம். வெயிலுக்கு உகந்தது கரி கலந்த கறுப்பு டை என்பதைக் கேட்டறியும் சிரத்தைகூட நமக்கு இல்லை.

செருப்புத் தைக்கும் நூலை மெழுகுவத்தியில் அழுத்தித் தேய்த்து இழுத்தால் கட்டுநூல் தயார். இரும்பு விளிம்பில் ஒயர் உரசுமிடத்தில் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறிச் சுற்றி, அதன்மேல் நூலைப் போடலாம். இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் முதலியவற்றின் ஒயர்களை மட்டும் இந்தக் கட்டில் சேர்க்க வேண்டாம். மின்சாரம் மிகுதியாக ஓடுவதால் அவை சூடேறுபவை, காற்றுப் படாமல் நெருக்கிக் கட்டினால் அந்தச் சூடு உள்ளேயே தங்கி உறையை இளக்கிவிடும்.