வலிக்காத நோய்க்கு வாழ்நாள் மருந்து

முதுமையும் பார்வையும் – 8

சென்ற வாரம் கண்புரையைப் பற்றிப் பார்த்தோம். அறுவை சிகிச்சை முடிந்து கட்டைப் பிரித்ததும் எதிரே நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அப்புறம் சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து, கொஞ்ச நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது, அவ்வளவுதான். பலன் உடனே தெரிந்துவிடுவதால், டாக்டர் சொன்னதை நம் பெரியவர்கள் பெரும்பாலும் தட்டாமல் கேட்கிறார்கள்.

கிளாக்கோமா வேறு மாதிரி. கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடுகிறது; பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது. ‘கண்ணுல பிரஷர்’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் சிலருக்கு நரம்பு கெடுவதுண்டு. பெரும்பாலானவர்களுக்கு வலி கிடையாது. பக்கப் பார்வைதான் முதலில் போகிறது. நேரே பார்ப்பது வெகுகாலம் நன்றாகவே தெரியும். அதனால் நோய் இருப்பதே தெரியாமல் வருடங்கள் ஓடிவிடுகின்றன. தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி, 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அதை அறிந்திருக்கவில்லை.

கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. தினமும் போட்டாலும் பார்வை கூடுவதில்லை. நான்கு நாள் விட்டாலும் எதுவும் குறைந்தாற்போலத் தெரிவதில்லை. போட்டால் சிலருக்கு எரிச்சல், சிவப்பு வேறு. மருந்து போடாத நாளில்தான் கண் சுகமாக இருக்கிறது என்றால், எழுபது வயதுக்காரர் அதை எப்படித் தினமும் விரும்பிப் போடுவார்?

“அத்தை, மருந்து போட்டாச்சா?”

“போட்டாச்சும்மா.”

பல வீடுகளில் இரவுதோறும் இந்தப் பேச்சு நடக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் மைக்கேல் காஸும் அவருடைய குழுவினரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. மருந்து பயன்படுத்தும் நேரத்தைப் பதிவு செய்யும் மின்னணுக் கருவி பொருத்திய பாட்டில்களை நோயாளிகளிடம் கொடுத்தார்கள். 97 சதவீத வேளைகளில் மருந்து போட்டதாக அவர்கள் சொன்னார்கள். கருவி காட்டியதோ 76 சதவீதம். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் மட்டும் ஒழுங்கு கூடியிருந்தது. பரிசோதனை நாளில் அழுத்தம் சரியாக இருக்க, இடைப்பட்ட மாதங்களில் நரம்பு கெடுவது இப்படித்தான். காரணம் புரியாத டாக்டர் இன்னொரு மருந்தையும் சேர்த்து எழுதுவார். ஒன்றையே போட முடியாதவருக்குச் சுமை இரண்டாகும்.

மருந்து வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2002-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், கண் அழுத்தம் மட்டும் கூடி, நரம்பு கெடாமல் இருந்தவர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு கிளாக்கோமா வந்தது, போட்டவர்களில் 4.4 சதவீதம்தான்.

மறதி, செலவு, அலுப்பு என்று காரணங்கள் பல உண்டு. யாரும் கவனிக்காத காரணம் கை. மூட்டு வலியுள்ள ஒரு பாட்டி மருந்து போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தலையை அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. பாட்டிலை அழுத்த விரலில் தெம்பில்லை. பாட்டிலின் நுனி இமையில் முட்டுகிறது. முதல் சொட்டு கன்னத்தில், அடுத்தது புருவத்தில், மூன்றாவது விழும்போது கண் மூடிக்கொள்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, போட்டுத்தான் இருக்கிறார். மருந்து கண்ணுக்குள் போகவில்லை. லட்டானோபிராஸ்ட் என்ற சொட்டு மருந்தின் 2.5 மில்லி பாட்டிலில் சுமார் 80 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொன்று என்றால் நாற்பது நாள் வரும். பாதி கன்னத்தில் ஓடினால் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அடுத்த பாட்டில் வாங்க மகனிடம் கேட்கத் தயங்கி, கேட்காமலே இருந்துவிடுவார்.

இதற்கு வழி உண்டு. படுத்துக்கொண்டு போடலாம். கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தக் குழிவில் ஒரே ஒரு சொட்டு போதும். பிறகு கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்; மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி. பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். சர்க்கரை மாத்திரை போடும் நேரத்தோடு இதையும் சேர்த்துவிட்டால் மறக்காது. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டிமோலால் என்ற சொட்டு மருந்து மூச்சிறைப்பைக் கிளப்பும். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு கண் அழுத்தத்தையே ஏற்றிவிடும்.

எப்படியும் சொட்டு போட முடியாதவர்களுக்கு லேசர் சிகிச்சை இருக்கிறது. 2019-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. எல்லா வகை கிளாக்கோமாவுக்கும் இது பொருந்தாது. ஆனால் நமக்கு ஆகுமா என்று கேட்பது நம் உரிமை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘போட்டாச்சா’ என்று கேட்பதை விட்டு, நீங்களே போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாட்டிலையும் கையோடு கொண்டுபோய், டாக்டர் முன்னால் ஒரு சொட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போன நாட்களை மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர்களும் அதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். திட்டு வாங்கிய நோயாளி அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்.

(தொடரும்)