லெந்து நாட்களில் ஒரு விதைத்தட்டு

தவக்காலத்தை ‘லெந்து’ என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே சில திருச்சபைகளில் உண்டு. ஆங்கிலத்தின் வழியாக வந்த அச்சொல் பழைய ஆங்கிலத்தில் வசந்தகாலத்தைக் குறித்தது. பகற்பொழுது நீளும் பருவம் என்பதே அதன் அடிப்படைப் பொருள் என்பர். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவான பகலைக் காணும் நமக்கு இது எளிதில் விளங்குவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாதத்தில், கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள என் தமக்கையார் வீட்டில் தங்கியபோதே எனக்கு அது விளங்கிற்று.

அத்தான் அந்த மாரியில்தான் காலமாகியிருந்தார். முற்றத்தில் பனி உறைந்து கிடக்க, அக்கா சமையலறை மேசையில் 72 குழிகள் கொண்ட பிளாஸ்ரிக் தட்டொன்றை வைத்து, மிளகாய் விதைகளை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டிருந்தார். முந்திய ஆண்டின் பழங்களிலிருந்து அத்தான் எடுத்து உலர்த்தி, கடித உறையொன்றில் இட்டு, தம் கையால் திகதி எழுதி வைத்த விதைகள் அவை.

அந்நாட்டில் மிளகாயை நேரே நிலத்தில் விதைத்துப் பயனில்லை. மே மாதத்தின் முற்பகுதியிலும் உறைபனி விழக்கூடும். ஆதலால் மே 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமையான விக்டோரியா தினத்தை ஒட்டியே பலர் நாற்று நடுவர். அப்பொழுதுதான் விதைத்தால், காய் பழுக்குமுன் இலையுதிர்காலக் குளிர் வந்துவிடும். எனவே எட்டு முதல் பத்து வாரங்களுக்கு முன்னரே வீட்டினுள் விதைக்கின்றனர்.

தோட்டத்து மண் தட்டில் இறுகிவிடும். கடையில் விற்கும் இலகுவான முளைப்புக் கலவையே ஏற்றது. அரை சென்ரிமீற்றர் ஆழம் போதும். முளைப்பதற்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பதால், அக்கா தட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். முளை கண்டவுடன் அதனைக் குழல்விளக்கின் கீழ் மாற்றினார். யன்னல் வெளிச்சம் மட்டுமாயின் நாற்றுகள் வெளிறி, ஒளியைத் தேடி நெடுத்து, ஒடிந்துவிடும். நீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் ஊற்றினார். ஈரம் மிகுந்தால் தண்டின் அடி அழுகி, ஓர் இரவிலேயே வரிசையாகச் சாய்ந்துவிடுமாம். நாள்தோறும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெல்லத் தடவியும் விட்டார். காற்றில் அசைவதைப் போன்ற அவ்வசைவு தண்டைத் தடிப்பிக்கும்.

உயிர்த்த ஞாயிறன்று அவை விரலளவே வளர்ந்திருந்தன. வெளியே நிலம் இன்னும் குளிர்ந்து கிடந்தது.

தவறு என்னுடையது. மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் நல்ல வெயில் எறித்தது. அக்கா வெளியே சென்றிருந்தார். நாற்றுகளுக்கு நன்மை செய்வதாக எண்ணி, தட்டை முழு வெயிலில் வைத்துவிட்டு உறங்கிப்போனேன். மாலையில் இலைகள் வெளுத்துக் கருகியிருந்தன. எஞ்சியவை பதினொன்று. ஊரில் நாற்றுமேடைக்குக் கிடுகு நிழலிட்டு, நடுவதற்கு முன் அதனைச் சிறிது சிறிதாக அகற்றிய தோட்டக்காரரின் மகன் நான்!

அக்கா தட்டை நெடுநேரம் பார்த்தார். “தம்பி, நிழலிலை வளர்ந்த பிள்ளை ஒரேயடியா வெயிலைத் தாங்குமே?” என்று மட்டும் கேட்டார்.

கற்பாறை நிலத்தில் விழுந்து சீக்கிரம் முளைத்து, வெயில் ஏறியபோது தீய்ந்துபோன விதைகளைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை (மத்தேயு 13) அன்றிரவு மீண்டும் வாசித்தேன். அங்கே குறை மண்ணின் ஆழத்தில். இங்கோ மண்ணிலும் குறையில்லை, விதையிலும் குறையில்லை.

மறுநாள் முதல் அக்கா பதினொரு நாற்றுகளையும் முறைப்படி பழக்கத் தொடங்கினார். முதல் நாள் காற்றுப் படாத நிழலில் ஒரு மணி நேரம். அடுத்த நாள் இரண்டு. பின்னர் காலை வெயில். இரவில் மீண்டும் உள்ளே. இவ்வாறு பத்து நாட்கள் பழகும்போது இலையின் மேற்றோல் தடித்து வெயிலைத் தாங்க வல்லதாகிறது. அடக்கத்திற்குப் பின் ஆலயத்திற்கன்றி வேறெங்கும் அதிகம் செல்லாதிருந்த அவர், தட்டின் அருகே கதிரை போட்டு அமர்ந்திருந்தார். ஐந்தாம் நாள் அயல்வீட்டு அம்மையார் வேலிக்கு அப்பால் நின்று நலம் விசாரித்தார். அவர்கள் வெகுநேரம் பேசியதை நான் உள்ளிருந்து கேட்டேன்.

விக்டோரியா தினத்தன்று இருவருமாக அவற்றை நட்டோம். நான் நாடு திரும்பிய பின், ஓகஸ்ட் மாத இறுதியில் அக்கா தொலைபேசியில் அழைத்தார். ஒன்பது செடிகள் காய்த்திருந்தன. இரண்டு செடிகளின் பழங்களைப் பறிக்காமல் விதைக்கென விட்டிருப்பதாகச் சொன்னார்.