உடனடித் தேர்வு காட்டிய வழி

தென் டெல்லியின் லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசு ஊழியர்கள் வாழும் பகுதி. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இங்கே உண்டு. காலையில் அப்பா அலுவலகத்துக்கும் மகள் வகுப்புக்கும் கிளம்புகிறார்கள். மாலையில் முகம் வாடியிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, தலைவலி" என்பதே இருவரின் பதிலாகவும் இருக்கலாம். நாள்கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நண்பர்களையும் தவிர்த்தால் அந்த "ஒண்ணுமில்ல"வை நம்பிவிடக் கூடாது.

பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய ஆய்வு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கும், 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. பெரும்பாலானோர் சிகிச்சைக்கே போகவில்லை.

விழிப்புணர்வு என்றால் ஆண்டுக்கொரு சொற்பொழிவு என்று நினைக்கிறோம். அது போதவே போதாது. நெருக்கும் ஏற்பாட்டையே மாற்றியாக வேண்டும். தமிழ்நாட்டில் முன்பெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டு போய்விடும். சென்னையில் 1986இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றோர் வலியுறுத்திய, தவறிய பாடத்தை உடனே மறுபடி எழுதும் உடனடித் தேர்வு வந்தபின், தோற்றவரும் அதே ஆண்டில் கல்லூரிக்குப் போக முடிந்தது. எந்த அறிவுரையும் தர முடியாத ஆறுதல் அது. சிபிஎஸ்இ-யும் 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு பொதுத்தேர்வுகள் என்று முடிவெடுத்தது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களுக்கு நெறிமுறைகள் வகுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களை இயன்றவரை தனித்தனிப் பிரிவாக்கக் கூடாது. உதவி எண்கள் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும்.

அலுவலகத்தில் வாயைக் கட்டுவது அச்சம். மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் பதவி உயர்வு நின்றுவிடுமோ என்ற கவலை. ஆனால் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆகிவிட்டவரை அரசு வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இடம் தருவதில்லை. அந்தச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் உண்டு. இதை ஒவ்வொரு மேலதிகாரியும் தன் பிரிவில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். நாளை உங்கள் பிள்ளையின் பள்ளிச் சுவரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளி முதல்வரிடம் கேளுங்கள்.